சுவரில் ஒட்டிய நான்காவது தாள்

பதினோரு பெண்பிள்ளைகளின் வேலையைப் போக்கடித்துவிட்டு, அவர்களை மீட்டதாக ஆண்டறிக்கையில் எழுதியவர் நம் தொண்டு நிறுவனத்தின் இயக்குனர். இதை வேறு மாதிரி ஆரம்பிக்க எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்றவர்கள் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும், நாலைந்து பக்கம் போதும், நல்ல விஷயமாக இருக்கட்டும் என்று சித்தூர் ஆபீசிலிருந்து போன் செய்தார்கள். நல்ல விஷயம்தான் வேண்டுமென்றால் வேறு ஆளைக் கேட்டிருக்க வேண்டும்.

உங்களில் பாதிப் பேரை நான் பார்த்ததில்லை. நான் நகரிக்காரி. என் நைனா பவர்லூம் ஓட்டினவர். இந்த நிறுவனத்தில் இருபத்தாறு வருஷம் களத்தில் இருந்தேன். சத்தியவேட்டுப் பக்கம், ஆந்திராவுக்குள் எல்லையோரத்தில் இருக்கிற தமிழ்க் கிராமங்கள்தான் என் ஏரியா. மனு எப்படி எழுதுவது, கூட்டம் எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் எங்கே தப்பு செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன். அதைச் சொல்ல ஆபீசில் யாருக்கும் தோன்றாது.

தப்பு பிறந்தது ஒரு வெற்றியிலிருந்து. அதனால் அதை முதலில் சொல்கிறேன். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு கிராமத்தில் கூலித் தகராறு. நிலத்துக்காரர் பேச்சைக் கேட்டு எஸ்.ஐ. என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு என் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். அதில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு எழுதியிருந்தேன். எல்லாம் தமிழில். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எங்கள் பக்கத்து ஆபீசர்கள் எல்லோருமே அப்படித்தான். நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாலு பக்கம் புரட்டினார். பிறகு என் கையில் கொடுத்துப் படி என்றார். நான் எலுமிச்சங்காய் ஊறுகாய் போடும் முறையைப் படித்துக் காட்டினேன். உப்பு எவ்வளவு, வெயிலில் எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, வெந்தயம் போட மாட்டீங்களா என்று கேட்டார். நோட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நான் பெரிய ஆளானேன். அன்றிலிருந்து எங்கள் களத்தில் அது பழக்கமாகிவிட்டது. மறைக்க வேண்டியது எதுவாக இருந்தாலும் தமிழில் எழுது. எம்மார்வோ என்கிற தாசில்தார் ஆபீசானாலும் போலீஸ் ஸ்டேஷனானாலும் ஒருத்தனுக்கும் விளங்காது. பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி அந்த எழுத்தை நம்பினோம். அந்தப் பூட்டுக்குச் சாவி இருக்கிறவர்கள் அரை மணி பஸ் தூரத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

இப்போது பயிற்சி முகாமுக்கு வருகிறேன். சர்வதேச இளைஞர் மனித உரிமைப் பயிற்சி. திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற ரோட்டில் போன வருஷம் ஒரு ஹாலை எடுத்து ஆறு நாள் நடத்தினோம். ஏழெட்டு நாடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா என்று. எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். நம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. மூன்று பேரை நான்தான் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் போனேன். நகரியிலிருந்து தறி வேலை செய்கிற இரண்டு பையன்கள். சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மோகனா.

மோகனாவுக்கு இருபத்திரண்டு வயது. டிகிரி முடித்துவிட்டுப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரிலிருந்து முதலில் வேலைக்குப் போனவள் அவள்தான். பிறகு அவளே வீடு வீடாகப் போய், நான் கூட இருக்கிறேன், பஸ் ஊருக்குள்ளேயே வருது என்று பெற்றவர்களிடம் பேசிப் பத்துப் பெண்களைக் கூட்டிப் போனாள். அவளையும் சேர்த்துப் பதினோரு பேர். அந்த வீடுகளெல்லாம் கம்பெனியை நம்பவில்லை, மோகனாவைத்தான் நம்பின. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு நாள் லீவுக்கு அவள் ஒரு வழி செய்தாள். அம்மை போட்டிருக்கிறது என்று சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள். அம்மை என்றால் எங்கள் பக்கம் யாரும் சர்ட்டிபிகேட் கேட்க மாட்டார்கள், வீட்டுப் பக்கமும் வர மாட்டார்கள். வேப்பிலையைப் பற்றி ஒருத்தி கேட்டாளாம். அதற்கும் பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் நாள் எல்லோரும் சேர்ந்து விதிகள் எழுதினார்கள். இந்த அறையில் பேசியது அறையைத் தாண்டக் கூடாது என்பது முதல் விதி. இயக்குனர்தான் முதல் கையெழுத்து போட்டார். கைதட்டினோம்.

மூன்றாம் நாள், அவரவர் வேலை செய்கிற இடத்தில் நடக்கிற ஒரு உரிமை மீறலைத் தாளில் எழுதச் சொன்னார்கள். நம் மூன்று பேரோடு நிரோஷன் என்று மட்டக்களப்பிலிருந்து வந்த பையனும் சேர்ந்தான். மோகனா சொன்னது இது. அவள் லைனில் இருபது பேருக்கு ஒரு டோக்கன். டோக்கன் கையில் இருக்கிறவள்தான் பாத்ரூம் போகலாம். அவள் திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். அவள் கூட்டிப் போனவர்களில் ஒருத்திக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலாகி, லைனிலேயே மயங்கி விழுந்தாள். அவளை எழுப்பி உட்கார வைத்துவிட்டு மிஷினை ஓட விட்டார்கள்.

இதை ஆங்கிலத்தில் எழுதட்டுமா என்று மோகனா கேட்டாள். நான்தான் சொன்னேன், தமிழிலேயே எழுது, இங்கே வரப்போகிற எந்தப் பெரிய மனுஷனுக்கும் ஒரு எழுத்து தெரியாது என்று. ஊறுகாய்க் கதையையும் சொன்னேன். சிரித்தார்கள். அந்தத் தைரியத்தில் அவள் எல்லாவற்றையும் எழுதினாள். சூப்பர்வைசர் பெயர், மயங்கி விழுந்தவள் பெயர், லைன் நம்பர், ஷிப்டு, பஸ் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பது வரைக்கும். முத்து முத்தான எழுத்து. தாளைச் சுவரில் ஒட்டினோம். வரிசையில் நான்காவது.

நிரோஷன் மட்டும் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்தான்.

“எங்கட ஊரில இப்பிடி பேர் எழுதி ஒட்டமாட்டம் அக்கா.”

இங்கே படிக்க ஆள் இல்லை தம்பி என்றேன்.

“நான் வாசிச்சனே. வாசிக்கத் தெரிஞ்ச ஒராள் வந்தாப் போதும்.”

அவன் ஊரில் பெயர் எழுதிய தாள்கள் என்னென்ன செய்தன என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு வயது இருபத்து நாலு, எனக்கு ஐம்பத்தேழு. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, டீ குடி என்று அனுப்பிவிட்டேன்.

கடைசி நாள் சனிக்கிழமை. பதினோரு மணிக்கு நிறைவு விழா. காலையில் நிரோஷன் திரும்பவும் சொன்னான். எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. இயக்குனரிடம் போய், வெளியாட்கள் வருவதற்குள் தாள்களைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். சுவர் நிறையத் தாள் இருந்தால்தான் போட்டோவில் பயிற்சி நடந்த மாதிரி தெரியும், பண உதவி செய்கிற அமைப்பிலிருந்து ஆள் வருகிறார், அப்படியே இருக்கட்டும் என்றார். தமிழ்த் தாளாவது, என்று இழுத்தேன். அதை யார் படிக்கப் போகிறார்கள் மேடம் என்றார். நான் சொல்லி வைத்ததையே எனக்குத் திருப்பிச் சொன்னார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்றை நான் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பையும் மதியச் சாப்பாடும் ஒரு கம்பெனி தருகிறது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள். சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று தெரியாமல் யாரையும் பேச வைக்காதீர்கள்.

விருந்தாளிகள் வந்து காரிலிருந்து இறங்கும்போது மோகனா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

“அக்கா, அந்த நீலச் சட்டக்காரு எங்க எச்.ஆர். மேனேஜரு. நான் அம்மைல படுத்துக்கினு இருக்கேன்னு சொல்லிக்கீறேன்.”

அவளைப் பின்பக்கம் சமையல்காரர்களிடம் அனுப்பி உட்கார வைத்தேன். வடை தட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், இந்தப் பெண் வெளியே வரக் கூடாது என்றேன். அப்பாடா என்று இருந்தது. என் புத்தி அந்த இடத்தோடு நின்றுவிட்டது. ஆளை ஒளித்தேன், தாளை மறந்தேன். நெருக்கடி வரும்போது கண் முன்னால் நிற்கிற ஆள்தான் தெரியும். அவள் எழுதி வைத்தது, சொல்லி வைத்தது, கையெழுத்துப் போட்டது எதுவும் தெரியாது. அதைத் தேடிப் பார்க்கத்தான் நமக்குச் சம்பளம்.

நான் ஹாலுக்குத் திரும்பி வந்தபோது அந்த மனுஷன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார். முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். நான்காவதில் நின்றார். படம் பார்க்கிறவன் கண் ஓரிடத்தில் நிற்கும், படிக்கிறவன் கண் வரி வரியாக நகரும். அவர் கண் நகர்ந்தது.

எனக்கும் தாளுக்கும் பத்தடி தூரம். போய்ப் பிய்த்து எறிந்திருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? இப்போது பிய்த்தால் சந்தேகம் வரும், மேடையில் வெளிநாட்டுக்காரர் இருக்கிறார், கேமரா ஓடுகிறது, அசிங்கமாகப் போய்விடும். அசிங்கத்துக்குப் பயந்து நின்றேன். அவர் போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எழுத்து ரொம்ப நல்லாருக்கு மேடம். யாரு எழுதினது?”

எல்லோரும் சேர்ந்து எழுதினது சார் என்றேன். தமிழ் படிப்பீங்களா என்று கேட்டேன். கேள்வியே கேவலம். “திருத்தணிம்மா நானு. நம்ம நகரிக்குப் பக்கம்தானே” என்றார். அப்புறம் மேடையேறி, இளைஞர்கள் பயப்படாமல் பேச வேண்டும் என்று பத்து நிமிஷம் பேசினார். இயக்குனர் அவருக்குச் சால்வை போர்த்தினார்.

அடுத்த தப்பு இதைவிடப் பெரியது. போட்டோ எடுத்ததை நான் மோகனாவிடம் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளை பயந்துவிடுவாள் என்று ஒரு சாக்கு. சாயந்திரம் அவளை சத்தியவேட்டு பஸ்சில் ஏற்றிவிட்டேன். ஆறு நாள் பாடத்தை வழி நெடுக நினைத்துக்கொண்டே போயிருப்பாள். டோக்கன் முறையை எடுக்கச் சொல்லி எல்லோரும் சேர்ந்து கேட்கப் போகிறோம் என்றுதான் கடைசியாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு பஸ் வரவில்லை. பதினோரு பேரும் பஸ் ஷெல்டரில் டிபன் பாக்சோடு நின்றார்கள். வெயில் ஏறியது. டிரைவருக்குப் போன் செய்தார்கள். உங்க ரூட்டை எடுத்துட்டாங்கம்மா என்றார். ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனார்கள். கேட்டில் கார்டைத் தேய்த்தால் சிவப்பு விளக்கு. வேலைக்கு ஆள் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டரைக் கேட்டால், மேலே சொல்லுவாங்க, வீட்டில் இருங்க என்றார். யாருக்கும் ஒரு கடிதம் கிடையாது. நீக்கிவிட்டோம் என்று ஒரு வரி கிடையாது. நான் லேபர் ஆபீசுக்குப் போனால் ஆர்டர் காப்பி எங்கே என்றார்கள். நாம் எழுதியதெல்லாம் சுவரில் இருந்தது. அவர்கள் எதையும் எழுதவில்லை.

அன்றைக்கே இயக்குனரிடம் சொன்னேன். நான் பேசுகிறேன் என்றார். மறுவாரம் கேட்டேன், பதமாகக் கையாள வேண்டிய விஷயம் என்றார். அதற்கடுத்த வாரம் போனை எடுக்கவில்லை.

நான் ஊருக்குப் போனேன். அதே பஸ் ஷெல்டரில் பெற்றவர்கள் எல்லோரையும் வரச் சொல்லி, நின்றுகொண்டு நடந்ததைச் சொன்னேன். தமிழில் எழுதச் சொன்னது நான். தாளைக் கழற்றாதது நான். போட்டோ எடுத்ததைப் பார்த்தும் சொல்லாதது நான். மோகனாவை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மயங்கி விழுந்த பெண்ணின் அம்மா முன்னால் வந்தாள்.

“உம் பொண்ணு எங்க வேலை செய்யுது?”

சென்னையில் என்றேன்.

“அதும் பேர எந்தச் செவத்துல ஒட்டின?”

எனக்கு இருபத்தாறு வருஷத்தில் கிடைத்த பயிற்சி எல்லாம் சேர்ந்து இந்த ஒரு வரிக்குச் சமமாகாது.

மோகனா என்னைத் திட்டவில்லை. எல்லோரும் போன பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். “அவரு போட்டோ எடுத்ததை நீ பாத்துட்டுத்தான் என்னை பஸ் ஏத்தினியா அக்கா?” ஆமாம் என்றேன். “அன்னிக்கே சொல்லிருந்தா ஞாயித்துக்கெழமையே பத்துப் பேரையும் இட்டுக்கினு வேற கம்பெனி கேட்டுக்கு போயிருப்பேன். வேலைல இருக்கறவளுக்குத்தான் இன்னொரு வேலை குடுப்பான். நிறுத்தினவள யாரு சேத்துக்குவான்?” என்றாள். எனக்குத் தோன்றாதது அவளுக்கு ஒரு நொடியில் தோன்றியது. பயந்துவிடுவாள் என்று நான் பொத்தி வைத்த பிள்ளை அவள்.

பிறகு இரண்டு பெண்களுக்கு அவசரமாகக் கல்யாணம் முடித்தார்கள். மூன்று பேர் பக்கத்தில் கடலைக்காய் பிடுங்கப் போகிறார்கள். மற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். மோகனா வீட்டோடு அந்தத் தெருவில் பேச்சு நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

நாலு மாதம் கழித்து மோகனா என் வீட்டுக்கு வந்தாள். கையில் நம் ஆண்டறிக்கை. ஆங்கிலத்தில் இருந்ததை அவளே படித்திருந்தாள். எல்லையோரக் கிராமம் ஒன்றிலிருந்து பதினோரு இளம்பெண்கள் சுரண்டல் வேலையிலிருந்து மீட்கப்பட்டார்கள் என்று ஒரு வரி. பக்கத்தில் போட்டோ, தாள் ஒட்டிய சுவர்.

“எங்கள மீட்டுட்டதா போட்டுக்கீறாங்களே அக்கா. யாரு மீட்டாங்க? எங்கேர்ந்து எங்க?”

நான் சித்தூருக்குப் போய் இயக்குனர் மேஜையில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. “பயட்டிக்கி ஒச்சாரு கதா மேடம்” என்று தெலுங்கில் சொன்னார். வெளியே வந்துவிட்டார்கள்தானே, அதில் என்ன பொய் என்று கேட்கிறார். கம்பெனியோடு உறவு கெட வேண்டாம், அடுத்த முகாமுக்கும் அவர்கள்தான் சாப்பாடு தருகிறார்கள் என்றார். அதற்கடுத்த மாதம் எனக்கு ஓய்வு. விழா வைத்தார்கள். நான் மேடையில் உட்கார்ந்து சால்வையைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பேச வைப்பது சுலபம். ஒரு வட்டம் போட்டு உட்கார வைத்து, நாலு பாட்டுப் பாடி, நாங்கள் இருக்கிறோம் என்று சொன்னால் யாரும் பேசிவிடுவார்கள். பேசினவள் திங்கட்கிழமை எங்கே நிற்பாள் என்று முதலில் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள். தப்பு நடந்துவிட்டால் அந்த நிமிஷமே அவளிடம் சொல்லுங்கள், அவள் உங்களைவிடக் கெட்டிக்காரி. உங்களை எச்சரிக்கிறவன் வயதில் சின்னவன் என்று டீ குடிக்க அனுப்பாதீர்கள்.

அடுத்த மாதம் திருப்பதியில் அதே ஹாலில் இந்த வருஷத்து முகாம் ஆரம்பமாகிறது. அழைப்பிதழ் எனக்கும் வந்திருக்கிறது. ஆதரவு தருகிறவர்கள் வரிசையில் அந்தக் கம்பெனி பெயரும் இருக்கிறது. முதல் நாள் உரை இயக்குனருடையது, தலைப்பு பாதுகாப்பான சூழல்.

இயக்குனரே, நான் ஊர் நடுவில் நின்று என் பங்கைச் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள் சொல்ல வேண்டும். அந்த மேனேஜரைக் கூப்பிட்டது யார்? கூப்பிடும்போது அந்தக் கம்பெனிப் பெண் ஒருத்தி ஹாலில் இருக்கிறாள் என்று உங்கள் கையில் இருந்த பங்கேற்பாளர் பட்டியலில் எழுதியிருந்ததா இல்லையா? மீட்கப்பட்டார்கள் என்ற வார்த்தையை எழுதியது யார், அதை அறிக்கையிலிருந்து எப்போது எடுக்கப் போகிறீர்கள்? பதினோரு பேருக்கும் வேலை வாங்கித் தர இதுவரை யாரிடம் பேசினீர்கள்?

மோகனாவும் நானும் வருகிறோம். கல்யாணமான இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆபீசுக்கு வாங்க மேடம், தனியாகப் பேசலாம் என்று எனக்குப் போன் செய்யாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் முன்னால், இதைப் படிக்கிற புதுப் பிள்ளைகள் முன்னால், அந்தக் கம்பெனிக்காரர் முன்னால், மைக்கில் பதில் சொல்லுங்கள்.